எஞ்சின் கணினி ஏன் பேச மறுக்கிறது?

உங்களில் சிலர் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிறவர்கள் என்றும், சிலர் பழைய கார்பரேட்டர் வண்டிக்கு இஞ்செக்‌ஷன் போட்டுப் பார்க்கிறவர்கள் என்றும் அழைத்தவர்கள் சொன்னார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தாமே ஈயம் வைத்துக் கட்டிய எஞ்சின் கணினி லேப்டாப்போடு பேசவில்லை என்று யாராவது கொண்டுவந்தால், அதிலிருக்கும் பிராசஸர் நன்றாகத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் நான் வேலையைத் தொடங்குவேன். அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போனதில்லை. பழுது வழியில் எங்கோ இருக்கும். கொண்டுவந்தவரோ அதற்குள் கேபிளை மாற்றியிருப்பார், டிரைவரை மாற்றியிருப்பார், ஃபர்ம்வேரை இரண்டு தடவை ஏற்றப் பார்த்திருப்பார். பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் சரிசெய்ய ஆரம்பித்தால் இருக்கிற ஒரு பழுதோடு புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும். எத்தனையோ நல்ல பலகைகள் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. எனவே இன்று நான் பேசப்போவது இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றி. சரிசெய்வது அதற்கு அப்புறம் வரும் சின்ன வேலை.

அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001-ல் மெகாஸ்குவர்ட் என்ற எஞ்சின் கணினியை வெளியிட்டார்கள். சர்க்யூட் போர்டையும் உதிரிகளையும் தனித்தனியே வாங்கி, வீட்டு மேசையில் ஈயம் வைத்து, ஒவ்வொரு பகுதியும் எதற்கு என்று படித்துக்கொண்டே கட்ட வேண்டிய கருவி அது. முதல் தலைமுறையில் மோட்டோரோலாவின் 68எச்சி908 வகை 8 பிட் பிராசஸர் இருந்தது. ஃபிளாஷ் 32 கிலோபைட், ராம் 512 பைட். ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையைக்கூட வைக்க முடியாத அந்த ராமை வைத்துக்கொண்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தையும் எஞ்சின் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து, இஞ்செக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டது. அடுத்து மெகாஸ்குவர்ட் 2, 3 என்று பெரிய பிராசஸர்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டுவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா 2560 பலகையையே மூளையாக எடுத்துக்கொண்டது. நம் மாணவர்கள் கையில் இன்று அதிகம் புழங்குவது இதுதான், விலையும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் உள்ளே போக ஒரே வாசல்: சீரியல் இணைப்பு. ஃபர்ம்வேர் ஏற்றுவது, எரிபொருள் அட்டவணையைத் திருத்துவது, ஓடும் எஞ்சினின் அளவுகளைப் பார்ப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். முதல் மெகாஸ்குவர்ட் 9600 வேகத்தில் பேசியது. ஒரு பைட் அனுப்பத் தொடக்க பிட் ஒன்று, தகவல் எட்டு, முடிவு பிட் ஒன்று என்று பத்து பிட்கள் வேண்டும். ஆக ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிசெகண்டைவிடச் சற்று அதிகம். லேப்டாப் ‘ஏ’ என்ற பெரிய எழுத்தை அனுப்பினால் அது 22 பைட்களைத் திருப்பி அனுப்பும். 23 மில்லிசெகண்டில் எஞ்சினின் அந்த நேரத்து நிலை முழுவதும் வந்துவிடும். மெகாஸ்குவர்ட் 2-ம் ஸ்பீடுயினோவும் 115200 வேகம், ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோசெகண்ட்தான். 9600, 115200 என்ற இந்த இரண்டு வேகங்களையும் மறந்துவிடாதீர்கள். ஒன்றுக்கு மற்றதைப் போட்டுவிட்டு மணிக்கணக்காகக் கம்பியைக் குறை சொன்னவர்கள் உண்டு.

மெகாஸ்குவர்டின் பாதையைப் பார்ப்போம். லேப்டாப்பில் ஓடும் டியூனர்ஸ்டூடியோ போன்ற நிரல், அதன் கீழே டிரைவர், யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிப், கேபிள், ஒன்பது பின் கொண்ட டிபி9 கனெக்டர், பலகையில் மேக்ஸ்232 என்ற சிப், பிராசஸர், கடைசியாக அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர். எட்டு நிலைகள், ஒவ்வொன்றிலும் போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று. திரையில் தெரிவதோ ‘இணைப்பு இல்லை’ என்ற ஒரே வரி. எட்டு நிலையில் எது செத்தாலும் அதே வரிதான். தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய் பார்க்க வருகிறவர் தெரு முழுவதையும் தோண்டமாட்டார். நடுவில் ஒரு வால்வைத் திறந்து, இதுவரை வருகிறதா என்று பார்ப்பார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். நமக்கு இரண்டே கருவிகள் போதும், ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு சிறு துண்டுக் கம்பியும்.

முதலில் மல்டிமீட்டர். ஆர்எஸ்-232 என்பது 1960-ல் அமெரிக்காவில் வகுத்த தரம். டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைக்கப் பிறந்தது, ஆகவே மின்னழுத்தங்கள் இன்றைய கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். 1 என்ற பிட்டுக்கு மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்ற பிட்டுக்கு பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. எதுவும் பேசாமல் சும்மா இருக்கும்போது அனுப்பும் கம்பி 1-ல் நிற்கும், அதாவது மைனஸில். இதைவிட நல்ல செய்தி நமக்குக் கிடைக்காது. பேச்சே நடக்காதபோதும், அனுப்புகிறவர் உயிரோடிருக்கிறாரா என்று மீட்டரை வைத்தே பார்த்துவிடலாம். ஆஸிலோஸ்கோப் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

மெகாஸ்குவர்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுங்கள், கேபிளை மாட்டாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையை டிபி9-ன் 5-ஆம் நம்பர் பின்னில் வையுங்கள், அது கிரவுண்ட். சிவப்பு முனை 2-ஆம் நம்பர் பின்னில். கணினி பேசும் பின் அது. மைனஸ் 8 முதல் மைனஸ் 10 வோல்ட் வரை காட்டினால் பலகையில் மேக்ஸ்232 சிப் வேலை செய்கிறது. அடுத்து, பெட்டியை விட்டுவிட்டுக் கேபிளை லேப்டாப்பில் மட்டும் மாட்டுங்கள். கேபிளின் மறுமுனையில் 3-ஆம் நம்பர் பின் மைனஸில் இருக்க வேண்டும். 2-ஆம் நம்பர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். 2 மைனஸாகவும் 3 பூஜ்யமாகவும் இருந்தால், கையில் இருப்பது நல் மோடம் கேபிள், உள்ளே 2-ம் 3-ம் குறுக்காக மாறியிருக்கும். இரண்டு கணினிகளை நேராக இணைக்க வந்த கேபிள் அது. மெகாஸ்குவர்டுக்கு வேண்டியது நேர் கேபிள். குறுக்குக் கேபிளில் பேசுகிற இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், கேட்கிற இருவரும் மற்றொரு கம்பியில் காத்திருப்பார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டு கேபிளுக்கும் வித்தியாசமே இருக்காது. கடைக்காரர் சொல்வதையும் உறையில் போட்டிருப்பதையும் நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

பலகைப் பக்கம் மைனஸ் வரவில்லை என்றால் பெட்டியைத் திறந்து மேக்ஸ்232-ஐப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சிப்களில் ஒன்று. பிராசஸருக்குத் தெரிந்ததெல்லாம் 0 வோல்ட்டும் 5 வோல்ட்டும்தான். வெறும் 5 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, சுற்றியிருக்கும் நான்கு கெப்பாசிட்டர்களில் மின்னூட்டத்தை மாற்றி மாற்றி ஊற்றி, பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் அருகே இந்தச் சிப் எடுத்துப் போகிறது. 16-ஆம் நம்பர் பின்னில் 5 வோல்ட், 15-ல் கிரவுண்ட், 2-ல் பிளஸ் 8-க்கு மேல், 6-ல் மைனஸ் 8-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 5 வோல்ட் இருந்தும் மற்ற இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான். துருவம் உள்ள கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டிருக்கலாம், ஈயம் பிடிக்காமல் இருக்கலாம், மதிப்பு தவறியிருக்கலாம். மேக்ஸ்232-க்கு 1 மைக்ரோஃபேரட் வேண்டும், மேக்ஸ்232ஏ-க்கு 0.1 போதும். சென்னை ரிச்சி தெருவில் சிப்பை மட்டும் மாற்றி வாங்கி வந்து, பழைய 0.1 கெப்பாசிட்டர்களோடு பொருத்தினால் ‘புதுச் சிப்பும் கெட்டது’ என்று தோன்றும். கெட்டிருக்காது.

ஒரு நுட்பம். மேக்ஸ்232-ன் உள்வாயில் ஒரு சிறிய மேலிழுக்கும் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது. பிராசஸரை சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் டிபி9-ல் மைனஸ் வரும். எனவே அந்த மைனஸ், மேக்ஸ்232 உயிரோடு இருப்பதை மட்டும்தான் நிரூபிக்கிறது. பிராசஸரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சோதனை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்ற எல்லையைக் கறாராக வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் பழுது பார்க்கிறவரின் உண்மையான திறமை என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது கருவி துண்டுக் கம்பி. லேப்டாப்பில் ஒரு டெர்மினல் நிரலைத் திறவுங்கள். முன்பு விண்டோஸோடு ஹைப்பர்டெர்மினல் வந்தது, விஸ்டாவிலிருந்து இல்லை. புட்டி, டெராடெர்ம் எதுவானாலும் சரி. ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். லோக்கல் எக்கோவையும் கட்டாயம் அணையுங்கள். அது இருந்தால் நீங்கள் தட்டியதை நிரலே திரையில் காட்டி ஏமாற்றும். இப்போது ஒரு எழுத்தைத் தட்டினால் ஒன்றும் தெரியக்கூடாது. கேபிளின் மறுமுனையில் 2-ஐயும் 3-ஐயும் துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால், நிரல், டிரைவர், மாற்றி, கேபிள் ஆகிய நான்கு நிலைகளும் இரு வழியிலும் சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

அடுத்து இன்னும் உள்ளே போகலாம். மெகாஸ்குவர்ட் பலகையை அணைத்து, பிராசஸரை 40 பின் சாக்கெட்டிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். கையில் நிலைமின் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றியதைக் கறுப்பு ஃபோமில் குத்தி வையுங்கள். சாக்கெட்டின் 12, 13-ஆம் நம்பர் துளைகளைத் துண்டுக் கம்பியால் இணையுங்கள், அவைதான் பிராசஸரின் பேசும் வாயும் கேட்கும் காதும். கேபிளை மாட்டி, 12 வோல்ட் கொடுத்து, மறுபடி தட்டுங்கள். எழுத்து திரும்பி வந்தால் மேக்ஸ்232-ம் டிபி9-ன் ஈயமும் உட்பட எல்லாம் தேறிவிட்டன. வராவிட்டால், கேபிள் முனைக்கும் சாக்கெட்டுக்கும் இடையே உள்ள மூன்று அங்குலத்தில்தான் பழுது இருக்கிறது. வீடு முழுக்கத் தேடிய பொருள் ஒரு டிராயருக்குள் என்று தெரிந்துவிட்டது போன்ற நிம்மதி அந்த இடத்தில் வரும். பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள், டிபி9-ன் நெருக்கமான கால்களுக்கு இடையே ஈயப் பாலம், மங்கலாக மணல்போல் தெரியும் குளிர்ந்த ஈயம், சாக்கெட்டுக்குள் போகாமல் அடியில் மடிந்துபோன கால். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

லூப்பேக் எனப்படும் இந்தத் துண்டுக் கம்பிச் சோதனை நிரூபிக்காத விஷயங்களும் இரண்டு உண்டு. கேபிள் முனையில் மட்டும் செய்யும் லூப்பேக்கில் 5-ஆம் நம்பர் கிரவுண்ட் கம்பி வேலையே செய்யவில்லை. அது அறுந்திருந்தாலும் எழுத்து திரும்பி வந்துவிடும். மற்றொன்று வேகம். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரம் என்பதால், 300-ல் வைத்தாலும் 115200-ல் வைத்தாலும் லூப்பேக் தேறும். மறுமுனையில் இருப்பவரின் கடிகாரம் ஒத்துப்போகிறதா என்பது அதில் தெரியாது.

கடிகாரம் எவ்வளவு விலகலாம்? வாங்குகிறவர் தொடக்க பிட்டின் விளிம்பைப் பிடித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டே ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்க்கிறார். பத்தாவது பிட்டுக்கு வருவதற்குள் அரை பிட் நழுவிவிட்டால் எழுத்து கெட்டது. ஆக, இருவருக்கும் இடையே மொத்தமாக 5 சதவீதம் தாங்காது. 2, 3 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆர்டுயினோ மெகாவின் 16 மெகாஹெர்ட்ஸைப் பகுத்து 115200 சரியாக வராது. கிடைப்பது 117647, 2.1 சதவீதம் கூடுதல். அசல் மெகா பலகையில் யுஎஸ்பி பக்கத்துச் சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இரண்டும் ஒரே அளவு தவறி ஒத்துப்போகின்றன. விலை குறைந்த பலகைகளில் அதன் இடத்தில் இருக்கும் சிஎச்340 என்ற சிப் கிட்டத்தட்டச் சரியான 115200-ல் பேசும், அந்த 2.1 சதவீதம் அப்படியே இடைவெளியாக நிற்கும். வேலை செய்யும், ஆனால் சேமிப்பில் பாதியைச் செலவழித்துவிட்டோம். நீளமான மோசமான கம்பியைச் சேர்த்தால் மீதியும் போய்விடும்.

அதனால்தான் திரையில் வரும் குப்பையைத் துடைத்துப் போடாமல் படிக்கச் சொல்கிறேன். ஒன்றுமே வரவில்லை என்றால் கம்பியோ மின்சாரமோ அறுந்திருக்கிறது. புரியாத எழுத்துகள், தட்டும்போதெல்லாம் ஒரே மாதிரி வந்தால், வேகம் பொருந்தவில்லை அல்லது எங்கோ சிக்னல் தலைகீழாகிறது. பெரும்பாலும் சரியாக வந்து, இடையிடையே ஒரு பைட் கெட்டால் இரைச்சல். மூன்றும் மூன்று வேறு பாதைகள்.

யுஎஸ்பி மாற்றிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லேப்டாப்பில் டிபி9 இல்லாமல் போய் வெகுகாலம் ஆயிற்று. எஃப்டிடிஐ, புரோலிஃபிக் நிறுவனங்களின் சிப்களைப் போலவே அச்சிட்ட போலிகள் சந்தையில் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று, போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதியது. நேற்றுவரை வேலை செய்த கேபிள் அன்று காலை எந்தக் கணினியிலும் தெரியாமல் போனது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலியை எதிர்க்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு; ஆனால் அந்தச் சிப் உள்ளே இருப்பதே தெரியாத பயனரின் கருவியை முடக்கியது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. புரோலிஃபிக்கின் புதிய டிரைவர்கள் போலியையும் நிறுத்தப்பட்ட பழைய வகையையும் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 10’-ம் தெரியும். அங்கே தெரிந்தால் பழுது லேப்டாப்பிலேயே இருக்கிறது, எஞ்சின் கணினியைத் தொடாதீர்கள்.

எஃப்டிடிஐ சிப்பில் லேட்டன்சி டைமர் என்ற ஓர் அமைப்பு உண்டு. கைவைக்காவிட்டால் 16 மில்லிசெகண்ட். சிறிய பதில் வந்தால், இன்னும் ஏதாவது வருமா என்று அவ்வளவு நேரம் காத்திருந்துதான் லேப்டாப்புக்கு அனுப்பும். அதை 1 ஆக்கினால், தத்தித் தத்தி நகரும் டயல் முள் சீராக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விண்டோஸில் காம் போர்ட் எண் 9-ஐத் தாண்டினால் சில பழைய நிரல்களுக்குக் கண் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் சிறிய எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு போர்ட்டை ஒரு நிரல்தான் திறக்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டெர்மினலை மூடாமல் டியூனர்ஸ்டூடியோவைத் திறந்தால் இணைப்பு வராது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உபுண்டு 22.04-ல் வேறொரு சிக்கல். பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஎச்340-ன் அடையாள எண்ணைப் பார்த்ததும் பிரெயில் கருவி வந்துவிட்டது என்று எண்ணிப் போர்ட்டை எடுத்துக்கொள்ளும். பலகை ஒரு நொடி தெரிந்து மறையும். சேவையையே நீக்கிவிடு என்றுதான் பலர் சொல்கிறார்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் செய்யலாம். கல்லூரி ஆய்வகத்தின் பொதுக் கணினியில் செய்யாதீர்கள், பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அதுதான் கணினியின் வாசல். அந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் முடக்கினால் இருவர் வேலையும் நடக்கும்.

ஸ்பீடுயினோக்காரர்களுக்கு என்று ஒரு விஷயம். ஆர்டுயினோவில் லேப்டாப் போர்ட்டைத் திறந்த கணமே டிடிஆர் என்ற கம்பி அசைந்து, ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியே பிராசஸரை ரீசெட் செய்துவிடும். நிரல் ஏற்றும்போது அது பெரிய வசதி. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை இணைத்தால் எஞ்சின் நின்றுவிடும். ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வைத்தால் இது நிற்கும். ஆனால் அதை எடுக்காமல் அடுத்த ஃபர்ம்வேரை ஏற்ற முடியாது, ‘டைம்அவுட்’ என்றுதான் வரும். ரீசெட் ஆன பலகை கண்விழிக்க ஒரு நொடி வேண்டும், அதற்குள் கேள்வி கேட்டால் பதில் வராது. இணைப்பு அமைப்பில் போர்ட் திறந்த பிறகு 1000 மில்லிசெகண்ட் தாமதம் வைப்பது அதற்காகவே. புது நிரலை வாங்கி ஃபிளாஷில் எழுதும் சிறு நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். மெகா 2560-ன் பழைய பூட்லோடரில் இன்னொரு விநோதம்: வரும் தகவலில் மூன்று ஆச்சரியக்குறிகள் அடுத்தடுத்து வந்தால், அது நிரல் ஏற்றுவதை விட்டுவிட்டு மானிட்டர் நிலைக்குப் போய்விடும். நிரலின் நடுவே யாரோ உற்சாகமாக எழுதிய ஒரு செய்தியால் ஏற்றுவது பாதியில் நிற்கும். கம்பியில் ஒரு குறையும் இருக்காது.

மேசையில் எல்லாம் சரியாகி, காரில் மாட்டியதும் இணைப்பு போகிறதா? மகிழ்ச்சியடையுங்கள், சீரியல் பாதை தேறிவிட்டது. காரைத்தான் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் இணைப்பு போனால், கணினிக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். பல கார்களில் ஆக்சஸரி லைன், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் துண்டிக்கப்படும். ஸ்டீரியோவுக்கு அது பொருத்தம், எஞ்சின் கணினிக்குப் பொருந்தாது. முதல் தலைமுறை மெகாஸ்குவர்ட் அனுப்பும் தகவலின் முதல் பைட்டே நொடிகளை எண்ணும் எண். அது 200, 201 என்று போய்க்கொண்டிருந்து திடீரெனப் பூஜ்யத்துக்கு வந்தால் கணினி ரீசெட் ஆகியிருக்கிறது. இணைப்பு மட்டும் போயிருந்தால் எண் விட்ட இடத்திலிருந்து முன்னேறியிருக்கும். 255-க்குப் பிறகு பூஜ்யம் வருவது இயல்பு, அதை ரீசெட் என்று எண்ண வேண்டாம். இந்த ஒரு பைட் பல வாக்குவாதங்களை முடித்துவைக்கும்.

எஞ்சின் வேகம் ஏற ஏறப் பிழை கூடினால் இக்னிஷன் இரைச்சல். ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்கா, பிளக் வயர் ஒழுகுகிறதா, யுஎஸ்பி கேபிள் காயிலை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போது போகிறது, லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப். கணினியின் கிரவுண்ட் கம்பிகளெல்லாம் எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். அதன் பிறகும் தொல்லை இருந்தால் யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடுவது நல்ல செலவு.

ஃபர்ம்வேர் ஏற்றுவதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இணைப்பு வரவில்லை என்றால் பலருடைய கை முதலில் போவது அங்கேதான். சந்தேகமுள்ள இணைப்பின் வழியே ஃபிளாஷ் எழுதாதீர்கள். புளூடூத் வழியாகவும் வேண்டாம். எழுதும் நேரத்தில் வெளியீட்டுப் பின்கள் எந்த நிலையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காயிலில் மின்சாரம் தொடர்ந்து ஓடினால் அது எரிந்துபோகும். இஞ்செக்டர் திறந்தே நின்றால் சிலிண்டரில் பெட்ரோல் நிறையும்; அதன் மேல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். காயில், இஞ்செக்டர் ஃபியூஸ்களை உருவி வைத்துவிட்டு ஏற்றுங்கள். முடிந்தால் மேசையில், எஞ்சின் சிக்னல்களைப் போலியாகக் கொடுக்கும் ஸ்டிமுலேட்டர் பலகையோடு ஏற்றுவதே உத்தமம்.

பாதியில் நின்றுபோனாலும் பயப்பட வேண்டாம். பூட்லோடர் ஃபிளாஷின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தனியே இருக்கிறது, சாதாரணமாக ஏற்றும்போது அது அழியாது. பூட் ஜம்பரை இணைத்து மின்சாரம் கொடுத்தால் மெகாஸ்குவர்ட் நேராகப் பூட்லோடரில் எழும், மறுபடி ஏற்றலாம். முடிந்ததும் ஜம்பரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் டியூனிங் நிரலுக்கு அது பதிலே சொல்லாது, இறந்துவிட்டதாகவே தோன்றும்.

ஏற்றியான பிறகு டெர்மினலில் பெரிய எழுத்தில் ‘க்யூ’ தட்டுங்கள். ஸ்பீடுயினோ தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லும், மெகாஸ்குவர்ட் 2-ம் அப்படியே. மற்ற எழுத்துகளை விளையாட்டாகத் தட்ட வேண்டாம். ‘பி’ (B) என்பது அட்டவணையை நிரந்தர நினைவகத்தில் எழுதும் கட்டளை. பெயர் வந்தும் டியூனர்ஸ்டூடியோ இணைய மறுத்தால், அதனிடம் இருக்கும் ஐஎன்ஐ கோப்பு வேறு பதிப்பு ஃபர்ம்வேருக்கானது. அட்டவணையின் எந்தப் பைட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரைபடம் அந்தக் கோப்பு. பதிப்பு பொருந்தாமல் கட்டாயப்படுத்தி இணைத்தால் எரிபொருள் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறெதுவோ போய் உட்காரும். ஃபர்ம்வேரோடு வந்த கோப்பையே கொடுங்கள்.

இந்த மேசையில் ஒரு மெகாஸ்குவர்ட் பலகையும், ஒரு ஸ்பீடுயினோவும், மூன்று கேபிள்களும் வைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று குறுக்குக் கேபிள். மல்டிமீட்டர் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். எது என்று நீங்களே அளந்து சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.